உணவோடு விளையாட்டும்

குழந்தையின் வயிறு நிறைந்தால் அறிவும் தானே வளரும் என்று பலர் எண்ணுகின்றனர். ஜமெய்க்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1986-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி இவ்வெண்ணத்தைச் சோதித்தது.

வயதிற்கேற்ற உயரம் எய்தாத 129 ஏழைக் குழந்தைகள் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களது வயது 9 முதல் 24 மாதம். ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் பாலுணவு வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவினரின் இல்லங்களுக்குச் சுகாதார ஊழியர் வாரம் ஒரு மணி நேரம் சென்று, குழந்தையோடு பேசி விளையாடும் முறையைத் தாய்மாருக்குப் பழக்கினார். மூன்றாம் பிரிவினர் இரண்டையும் பெற்றனர். நான்காம் பிரிவினர் இரண்டையும் பெறவில்லை. ஈராண்டு முடிவில், இரண்டையும் பெற்றவர்களே அறிவு வளர்ச்சியில் முன்னின்றனர்.

அக்குழந்தைகள் 22 வயதை எய்தியபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றிருந்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும், வருவாய் சுமார் 25 விழுக்காடு மிகுதியாகவும் காணப்பட்டன. உணவைக் குறைக்கலாம் என்பது இதன் பொருளன்று. உணவு மட்டும் போதாது என்பதே பொருள்.

இதற்கு விலையுயர்ந்த பொம்மைகள் வேண்டுவதில்லை. கழுவிய டப்பா, அகப்பை, துணிப்பந்து ஆகியவை போதும். வாயில் அடங்கும் சிறு பொருள்களை விலக்க வேண்டும். ஊழியர் தாமே விளையாடிக் காட்டித் திரும்புவதால் பயன் சிறிதே. பொருளைத் தாயின் கையிற் கொடுத்து, அவர் செய்வதைப் பாராட்டுதல் வேண்டும். பெற்றோர் கூட்டங்களில் ஆசிரியர்கள் தந்தைமாருக்கும் பாட்டிமாருக்கும் இதனை எடுத்துரைக்கலாம். ஊழியர் வருவது வாரம் ஒரு மணி நேரமே; எஞ்சிய பொழுதெல்லாம் குழந்தை வீட்டாரிடமே வளர்கிறது.