புதிய ரேடியேட்டரும் குறையும் நீரும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது பழமொழி. காக்கை உட்கார்ந்தது உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஆனால், முன்னது பின்னதற்குக் காரணம் என்பதே ஐயத்திற்குரியது. தருக்க நூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்பர்.

மோட்டார் வண்டிப் பட்டறைகளில் இந்நியாயத்திற்கு அடிக்கடி சான்று கிடைக்கும். பழைய ரேடியேட்டர் ஒழுகிற்று, புதியது பொருத்தப்பட்டது, ஒரு வாரத்திற்குள் நீர் மீண்டும் குறைந்தது. “புதிய ரேடியேட்டரே பழுது” என்று உரிமையாளர் முடிவு கட்டுகிறார். “அப்படித்தான் இருக்கும், நீரை ஊற்றி ஊற்றி ஓட்டலாம்” என்று நண்பர் ஆறுதல் கூறுகிறார். இரண்டும் ஆராயாது சொன்ன சொற்களே. முதலாமவர் வீண் செலவுக்கு ஆளாகலாம். இரண்டாமவர் சொல்லைக் கேட்டவரோ எஞ்சினையே இழக்கலாம். நீர் குறைவதன் காரணத்தை முறையாக நாடுவது எப்படி என்பதே ஈண்டு விளக்கப்படுகிறது.

நீர் செய்யும் தொண்டு

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைச் சுமந்து சென்று காற்றில் விடுவது நீரின் தொண்டு. பம்பு நீரை எஞ்சினுக்குள் சுழல வைக்கிறது. சூடேறிய நீர், தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவு திறந்ததும், மேல்குழாய் வழியே ரேடியேட்டருக்குச் சென்று, மெல்லிய குழல்களில் பரவி, வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, கீழ்க்குழாய் வழியே திரும்புகிறது.

ரேடியேட்டர் என்னும் பெயருக்குக் கதிர்வீசி என்பது பொருள். ஆயினும், இக்கருவி கதிர்வீச்சால் வெளியிடும் வெப்பம் சிறிதே. ஓடும் காற்று தகடுகளைத் தொட்டு வாரிக்கொண்டு போவதே மிகுதி. பெயர் ஒன்று, தொழில் வேறு என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

தொடக்க கால வண்டிகளில் நீர் குறைவது பழுது அன்று, அதுவே முறை. 1888ஆம் ஆண்டில் பெர்த்தா பென்சு அம்மையார் செருமனியில் மான்கைம் நகரிலிருந்து போர்சைம் நகருக்கு வண்டி ஓட்டிச் சென்றபோது, நீர் கொதித்து ஆவியாவதாலேயே எஞ்சின் குளிர்ந்தது. ஆகவே, வழியில் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியதாயிற்று. பின்னர், வில்லெம் மேபாக் என்னும் பொறியாளர் 1900ஆம் ஆண்டளவில் 8,070 சிறு குழாய்களைச் சேர்த்துத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வடிவமைத்தார். அதே நீரைத் திரும்பத் திரும்பக் குளிர்வித்துப் பயன்படுத்தும் முறை அதனால் வலுப்பெற்றது. இன்றைய வண்டியில் நீரோட்டம் மூடப்பட்ட ஒன்று. செவ்வையான நிலையில் அதில் நீர் மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைவதில்லை. குறைந்தால் அதற்குக் காரணம் உண்டு.

மூடியின் அருமை

பலரும் பொருட்படுத்தாத உறுப்பு ரேடியேட்டர் மூடி. இது வெறும் மூடி அன்று. இரண்டு வால்வுகள் கொண்ட காவலாளி. பெரும்பாலான வண்டிகளில் இது 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்து நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். 1.1 பார் கூடுதல் அழுத்தத்தின் கீழ் அதே நீர் 120 பாகைக்குச் சற்று மேல்தான் கொதிக்கும். கூலண்ட் கலந்திருந்தால் கொதிநிலை இன்னும் உயரும். நம் நாட்டில் நீர் உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. அன்றியும், துருவைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் உள்ளது.

கெந்திங் மலைபோல் 1,800 மீட்டர் உயரத்தில் திறந்த நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைத் தாங்காத நலிந்த மூடியோடு அங்கு ஏறும் வண்டி, வேறு எந்தக் குறையும் இல்லாமலே கொதித்து நீரைக் கக்கக்கூடும்.

நீர் 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேறும்போது நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு விரிகிறது. 6 லிட்டர் நீர் உள்ள வண்டியில் இது கால் லிட்டர் அளவாகும். பக்கத்துப் புட்டியோடு இணைந்த மூடியுள்ள வண்டிகளில், விரிந்த நீர் மூடியின் ஒரு வால்வு வழியே புட்டிக்குச் செல்லும். எஞ்சின் ஆறியதும் மற்றொரு வால்வு வழியே திரும்பும். திரும்பும் வால்வு அடைத்துக்கொண்டால், புட்டியில் நீர் நிறைந்திருக்கும், ரேடியேட்டரிலோ குறைந்திருக்கும். காலையில் மேல்குழாய் தட்டையாய் ஒட்டிக்கிடப்பது இதற்கு அடையாளம். புதிய ரேடியேட்டரில் பழைய மூடியையே போட்டுவிடுவது பலரும் செய்யும் பிழை.

காற்றா, ஒழுக்கா?

ரேடியேட்டரை மாற்றும்போது நீர் வடிக்கப்படுகிறது. அவ்விடத்தைக் காற்று நிரப்புகிறது. மீண்டும் நீர் ஊற்றும்போது காற்று முழுவதும் வெளியேறுவதில்லை. எஞ்சினின் மேட்டுப் பகுதிகளில் குமிழாய்ச் சிறைப்பட்டு நிற்கும். வண்டி ஓட ஓட அக்காற்று சிறிது சிறிதாக வெளியேறும், அதன் இடத்தை நீர் பிடிக்கும், மட்டம் தாழும். இஃது ஒழுக்கு அன்று; நிரம்பாத குடம் நிரம்புவதே.

இவ்விரண்டையும் பிரித்தறியக் கருவி வேண்டுவதில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். நாள்தோறும் காலையில், எஞ்சின் முற்றும் ஆறியிருக்கையில், சமதரையில் வண்டியை நிறுத்தி மட்டத்தைப் பார்த்து, ஊற்றிய அளவையும் முந்திய நாள் ஓடிய தொலைவையும் குறித்து வரவேண்டும். முதல் நாள் 300 மில்லி லிட்டர், அடுத்த நாள் 100, அதற்கடுத்த நாள் 20, பிறகு ஒன்றுமில்லை என்று கணக்கு தேய்ந்து வந்தால், வெளியேறியது காற்றே. நாள்தோறும் 100, 100, 100 என்று மாறாது நின்றால், எங்கோ வழி திறந்திருக்கிறது. நெடுந்தொலைவோ மலைப்பாதையோ ஓடிய நாளில் மட்டும் மிகுதியாகக் குறைந்தால், அழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும் வழி அது. வண்டி ஓடாமலே இரவில் குறைந்தால், பெரும்பாலும் இரப்பர்க் குழாயின் கவ்வியோ வடிகால் திருகோ நன்கு இறுகவில்லை என்று கொள்ளலாம்.

அடுத்த நலிந்த இடம்

ஏரிக்கரையில் ஓர் உடைப்பை அடைத்தால் நீர்மட்டம் உயரும். உயர்ந்ததும் கரையின் அடுத்த நலிந்த இடத்தில் கசிவு தோன்றும். ரேடியேட்டர் மாற்றத்திலும் இதுவே நிகழ்கிறது. பழையது ஒழுகிக்கொண்டிருந்த வரை அமைப்பில் முழு அழுத்தம் ஏறவில்லை. புதியது வந்ததும் அழுத்தம் முழுமை பெறுகிறது. அதுவரை தாங்கி நின்ற பழைய குழாயும், தேய்ந்த பம்பும் அப்போதுதான் ஒழுகத் தொடங்குகின்றன. குற்றம் புதியதன்மேல் விழுகிறது. உண்மையில் அது தன் கடமையைச் செவ்வனே செய்ததே காரணம்.

ஆகவே, தேடலை மாற்றியமைத்த இடங்களிலிருந்து தொடங்கிப் பழைய உறுப்புகளுக்குச் செல்வது முறை. முதலில் மேல்குழாய், கீழ்க்குழாய்களின் கவ்விகள், வடிகால் திருகு, மூடியின் இரப்பர் வளையம்; அடுத்து, பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியத் தகடும் சேரும் விளிம்பு; பிறகு பம்பு. பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். இதனைச் செய்தவர்களே வேண்டுமென்று வைத்தது இது. உள்ளடைப்பு தேய்ந்தால் நீர் இத்துளை வழியே கசிந்து செய்தி சொல்லும். அங்கே நிறக்கறை படிந்திருந்தால் பம்பின் காலம் முடிந்தது எனலாம். சூடான எஞ்சின்மீது விழும் துளி தரைக்கு வருமுன்னே ஆவியாகிவிடும். ஆதலின், தரை உலர்ந்திருப்பது ஒழுக்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது. வெண்மையாகவோ பச்சையாகவோ உலர்ந்து கிடக்கும் கறையே சான்று.

ஐயம் தீரப் பட்டறையில் ஒரு சோதனை உண்டு. ஆறிய எஞ்சினில், மூடியின் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் பொறித்த அழுத்தம் வரை ஏற்றிக் கால் மணி நேரம் காத்திருப்பர். முள் அசையாது நின்றால் அந்நிலையில் ஒழுக்கு இல்லை. முள் இறங்கி எங்கேனும் துளி தோன்றினால் இடம் தெரிந்துவிடும். முள் இறங்கியும் வெளியே ஒரு துளியும் காணாவிட்டால், நீர் உள்ளே செல்கிறது என்று பொருள்.

உள்ளே மறையும் நீர்

இங்கேதான் கவலைக்குரிய செய்தி தொடங்குகிறது. பழைய ரேடியேட்டர் ஒழுகிய நாள்களில் எஞ்சின் ஒரு முறையேனும் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கலாம். அவ்வெப்பத்தில் அலுமினியத்தாலான சிலிண்டர் தலை வளைந்து, ஹெட் கேஸ்கெட் சிதைந்திருக்கலாம். ரேடியேட்டரின் ஒழுக்கு அடைபட்டது. அது விளைத்த கேடோ உள்ளே தங்கிவிட்டது.

இதனைக் காட்டும் குறிகள் சில. ஓடும் எஞ்சினில் நீர்ப்பகுதியில் ஓயாது குமிழிகள் எழும். எஞ்சின் சூடேறிய பின்னும் புகைக்குழாயில் வெண்புகை நில்லாது வரும். எஞ்சின் எண்ணெய் பாலேடுபோல் வெளுக்கும். ஆயினும், காலையில் சிறிது நேரம் புகைக்குழாயில் நீர் சொட்டுவது இயல்பே. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெளுப்பு இருந்தால், குறுந்தொலைவு ஓட்டத்தில் படிந்த ஈரமாகவும் இருக்கலாம். ஒரு குறியை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

உறுதி செய்ய எளிய வேதியியல் சோதனை ஒன்று உண்டு. நீருக்கு மேல் நிற்கும் காற்றை உறிஞ்சி நீலநிறத் திரவத்தின் வழியே செலுத்துவர். எரிந்த வாயு கலந்திருந்தால், அதிலுள்ள கரியமில வாயு திரவத்தில் கரைந்து மெல்லிய அமிலமாகும், நீலம் மஞ்சளாகும். பள்ளியில் லிட்மசுத் தாள் நிறம் மாறுவதைக் காட்டும் ஆசிரியருக்கு இதன் தத்துவம் புதியதன்று.

ஹீட்டர் உள்ள வண்டிகளில் முன்னிருக்கையின் கால்விரிப்பு ஈரமாய் இனிய மணம் வீசினால், நீர் அங்கே செல்கிறது. தானியங்கிக் கியர் உள்ள பல வண்டிகளில் கியர் எண்ணெயும் ரேடியேட்டருக்குள் தனிக்குழாயில் குளிர்கிறது. அக்குழாய் பழுதானால் எண்ணெயும் நீரும் கலந்து குழம்பாகும். அந்நிலையில் வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதே அறிவுடைமை.

மறத்தலாகாதவை

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தலாகாது. அழுத்தம் நீங்கிய கணமே, 100 பாகைக்கு மேற்பட்ட நீர் ஆவியாய்ச் சீறிப் பாய்ந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கொதித்த எஞ்சினில் உடனே தண்ணீர் ஊற்றுவதும் தீது. திடீர்க் குளிர்ச்சியால் உலோகம் விரிசல் காணலாம். ஒழுக்கை அடைக்கும் தூள்களை வழக்கமாகப் பயன்படுத்தினால் நுண்ணிய குழல்களும் அடைபடும். வெப்பமானியின் முள்ளையே நம்பியிருப்பதும் பிழை. நீர் மிகவும் வற்றிவிட்டால், நீரில் மூழ்கியிருக்க வேண்டிய உணர்கருவி வெற்றிடத்தில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கையிலும் முள் அமைதியாய்க் கிடக்கக்கூடும். வழக்கமான கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தரையில் சிந்தியதைக் குழந்தைகளும் நாய் பூனைகளும் அணுகாதபடி உடனே கழுவிவிடல் வேண்டும்.

நீர் குறைந்தது என்பது நோயின் பெயர் அன்று. நோயின் குறி மட்டுமே. கணக்கெழுதிப் பார்த்து, மாற்றிய இடங்களை முதலிலும் பழைய உறுப்புகளை அடுத்தும் நோக்கி, அழுத்தச் சோதனையால் உள்ளா வெளியா என்று தெளிந்து, அதன் பின்னரே உறுப்பை மாற்றுதல் முறை. அவ்வாறு செய்பவர், பனம்பழம் விழுந்ததற்குக் காக்கையைக் குற்றம் சாட்டமாட்டார். காம்பு முன்னரே கனிந்து தளர்ந்திருந்ததா என்று அண்ணாந்து பார்ப்பார்.