கால்பந்து வீரருக்கு எப்போது வயதாகிறது?

திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் மலைக்கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. ஒரு பௌர்ணமியன்று நீங்கள் மேலே போய் நின்றுகொண்டு, அங்கு வந்திருக்கும் 60 வயதைக் கடந்த தாத்தா பாட்டிகளிடம், "முழங்கால் வலி உண்டா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர், "அதெல்லாம் ஒன்றுமில்லை, கண்ணு" என்பார்கள். உடனே, "வயதானால் முழங்கால் தேயும் என்பது பொய்" என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. முழங்கால் வலிப்பவர்கள் அடிவாரத்திலிருந்தே மலையைக் கும்பிட்டுவிட்டு, ஊருக்குள் இருக்கும் பக்தவத்சலேசுவரர் கோயிலுக்குப் போயிருப்பார்கள். உங்கள் குறிப்பேட்டில் அவர்கள் கணக்கு ஏறவே இல்லை.

கால்பந்துக் கழகங்கள் ஆண்டுதோறும் இதே பொறியில் மாட்டிக்கொள்கின்றன. 34, 35 வயதான ஆட்டக்காரர் ஒருவரின் ஒப்பந்தம் முடியப்போகிறது. நீட்டிப்பதா, வழியனுப்புவதா? நீட்டிக்க வேண்டும் என்பவர்கள் உடனே எடுத்துக்காட்டுகளை அடுக்குவார்கள். இங்கிலாந்தின் ஸ்டான்லி மாத்யூஸ் 1965-ல் 50 வயது நிரம்பிய பிறகும் முதல் நிலைப் போட்டியில் ஆடினார். இத்தாலியின் கோல்கீப்பர் டினோ ஜோஃப் 1982-ல் 40 வயதில் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார். காமெரூனின் ரோஜர் மில்லா 1994 உலகக் கோப்பையில் 42 வயதில் கோல் அடித்தார். அத்தனையும் உண்மையே. ஆனால், இவர்கள் எல்லோரும் மலையுச்சிக்கு வந்து சேர்ந்த தாத்தாக்கள்! 31 வயதில் முழங்கால் போய், 33-ல் சத்தமில்லாமல் ஊர் திரும்பிய ஆயிரக்கணக்கானோரை யாரும் பட்டியல் போடுவதில்லை.

நம் நாட்டிலும் உச்சிக்கு வந்த ஒருவர் உண்டு. சுனில் சேத்ரி 1984 ஆகஸ்டு 3-ஆம் நாள் பிறந்தவர். 2013-ல் பெங்களூரு கால்பந்துக் கழகத்தில் சேர்ந்தார். 2024 டிசம்பர் 7-ஆம் நாள் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிராக 3 கோல்கள் அடித்தார். அப்போது அவருக்கு வயது 40. அந்த 2024–25 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் அவர் அடித்தவை 14 கோல்கள். இந்திய ஆட்டக்காரர்களில் அவரே முதலிடம். அவரைவிடப் பதினைந்து, இருபது வயது இளையவர்களெல்லாம் அவருக்குப் பின்னால்தான்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? உடலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

முதலில் இதயம். ஒருவருடைய இதயம் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எத்தனை முறை துடிக்க முடியும் என்பதற்குத் தோராயமான கணக்கு ஒன்று இருக்கிறது. வயதை 0.7 ஆல் பெருக்கி, 208-லிருந்து கழியுங்கள். 20 வயதில் 194 வரும். 40 வயதில் 180. ஆளுக்கு ஆள் சற்றுக் கூடும், குறையும். ஆனால் எத்தனை பயிற்சி செய்தாலும் இந்த இறக்கத்தைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. துடிப்பு குறைந்தால் தசைக்குப் போகும் இரத்தம் குறையும், ஆக்சிஜனும் குறையும். பயிற்சியற்ற ஒருவர் உச்ச உழைப்பில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு, 30 வயதுக்குமேல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் சரிகிறது. பயிற்சியை விடாதவர்களுக்குச் சரிவு ஏறக்குறைய அதில் பாதிதான்.

இதை நீங்களே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். மலையேறி முடித்ததும் மணிக்கட்டில் நாடி பிடித்து 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது? உங்கள் மாமாவிடமும் எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் உழைப்பவரின் நாடி வேகமாக இறங்குவதைக் காணலாம். (இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்களை இந்தச் சோதனைக்கு இழுக்க வேண்டாம்.)

அடுத்தது தசை. கோழிக்கறி வாங்கும்போது கவனித்திருப்பீர்கள். நெஞ்சுக்கறி வெளுத்தும் தொடைக்கறி சற்றுச் சிவந்தும் இருக்கும். கோழி நாளெல்லாம் நின்று நடந்து திரியும் பிராணி. அதன் காலுக்கு வேண்டியது களைப்படையாத நிதான இழைகள். சட்டென்று சிறகடித்து வேலிமேல் தாவ நெஞ்சில் விரைவு இழைகள். மனிதனின் தசையில் இவ்விரண்டும் கலந்தே இருக்கின்றன. வயது ஏற ஏற முதலில் மெலிபவை விரைவு இழைகள்தாம். அதனால்தான் 35 வயதுக்காரர் 90 நிமிடமும் ஓடுவார். ஆனால் எதிரணிக் காவலரை முந்தும் அந்த 20 மீட்டர் பாய்ச்சலில் அரையடி பின்தங்குவார். ஓர் ஆட்டத்தில் ஒருவர் ஓடுவது 10 முதல் 12 கிலோமீட்டர். அதில் முழுவேகப் பாய்ச்சல் சில நூறு மீட்டர்தான். கோல் விழுவதும் தடுக்கப்படுவதும் பெரும்பாலும் அந்தச் சில நூறு மீட்டரில்!

மூன்றாவது, பழுது பார்க்கும் வேலை. ஆட்டத்தில் கிழிபடும் நுண்ணிய இழைகள் சீராக வயதானவர்களுக்குக் கூடுதல் நாட்கள் பிடிக்கும். ஒருமுறை காயம்பட்ட பின்தொடைத் தசை மறுபடியும் காயம்படும் வாய்ப்பு அதிகம். ஆக, ஒருவரின் பிறந்த தேதியைவிட அவருடைய காயங்களின் வரலாறு கழகத்துக்கு அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம்.

சரி, ஏறுவது ஒன்றுமே இல்லையா? உண்டு. பந்து தன்னிடம் வருமுன்பே தலையைத் திருப்பித் திருப்பி, யார் எங்கே நிற்கிறார் என்று மனத்தில் படம் பிடித்துக்கொள்ளும் பழக்கம். பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே அறிந்து அங்கே போய் நிற்பவர் பாய வேண்டியதில்லை. 30-ஐக் கடந்தவர்களின் பாய்ச்சல் குறைந்தாலும் பந்து கடத்துவதில் துல்லியம் கூடுவதாக ஐரோப்பியப் போட்டிகளை அளந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கோல்கீப்பருக்கு இந்த வரவு செலவு இன்னும் சாதகம். எகிப்தின் எசாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் ஒரு பெனால்டியைத் தடுத்தது இதனால்தான்.

இந்த வரவு செலவைப் பாராமல் பெயரை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் ஆண்டான 2014 நல்ல பாடம். டெல்லி டைனமோஸ் அணிக்கு இத்தாலியின் டெல் பியரோ வந்தார். அந்த நவம்பரில் அவருக்கு 40 வயது நிரம்பியது. 10 ஆட்டங்கள், 1 கோல். அரங்கம் நிறைந்தது உண்மை. நம் சென்னையின் எஃப்.சி.யில் மட்டராஸி 41 வயதில் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தார். 38 வயது நெஸ்டாவும் வந்தார். ஆனால் அவ்வாண்டு சென்னைக்காக 8 கோல்கள் அடித்து, போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர் 33 வயது எலானோ. மறு ஆண்டு சென்னை கோப்பையை வென்றபோது 13 கோல்கள் அடித்த மெண்டோசாவுக்கு வயது 23. அரங்கை நிரப்புவது ஒரு வேலை. ஆட்டத்தை வெல்வது வேறு வேலை. கழகங்கள் இரண்டுக்கும் ஒரே சம்பளச் சீட்டில் கையெழுத்திட்டுவிடுகின்றன.

பெங்களூரு அப்படிச் செய்யவில்லை என்பதே அதன் கெட்டிக்காரத்தனம். 2024–25-ல் சேத்ரியைச் சில ஆட்டங்களில் தொடக்கத்திலேயே இறக்காமல், எதிரணிக் காவலர்கள் களைத்த பிறகு மாற்று ஆட்டக்காரராக இறக்கினார்கள். விரைவு இழைகளின் குறையை ஆட்ட நேரத்தைக் கொண்டு ஈடுகட்டும் வழி இது. இங்கிலாந்தின் ஆர்செனல் கழகம் ஆர்சென் வெங்கரின் காலத்தில், 30-ஐக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம்தான் தந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டின் ரயன் கிக்ஸ் ஓராண்டு ஓராண்டாகவே நீட்டித்து 2014-ல் 40 வயது வரை ஆடினார். ஓராண்டு என்பது அவமதிப்பு என்று சில ஆட்டக்காரர்கள் கோபிப்பதுண்டு. உடல் ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது மூன்றாண்டு வாக்குறுதி யாருக்கு நல்லது?

ஆனால் ஓராண்டு ஒப்பந்தத்திலும் ஒரு விலை உண்டு. அதைச் செலுத்துபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதே இல்லை. களத்தில் 11 இடங்கள்தாம். மூத்தவர் ஒருவர் ஆடும் ஒவ்வொரு நிமிடமும் வெளியே உட்கார்ந்திருக்கும் இளைஞனின் நிமிடம். வியாசர்பாடியிலோ தஞ்சையிலோ இருந்து வந்த 19 வயதுப் பையன் ஆடாமலேயே திரும்பிப் போனால், அவன் எத்தனை கோல் அடித்திருப்பான் என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. இந்திய நிலையில் இது இரட்டைச் சுமை. கோல் அடிக்கும் முன்கள இடங்களைப் பல கழகங்கள் வெளிநாட்டாருக்கே தருகின்றன.

இதன் விளைவைத் தேசிய அணியில் பார்த்தோம். 94 கோல்களுடன் சேத்ரி 2024 ஜூன் 6-ஆம் நாள் கொல்கத்தாவில் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு முழுவதும், அவர் இருந்தபோதும் போன பிறகும், இந்தியா ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. 2025 மார்ச்சில் அவரையே மறுபடி அழைத்தார்கள். வந்தவர் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 95-ஆவது கோலை அடித்தார். இந்தியா 3–0 என வென்றது. ஒரு கழகம் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தது சரியான கணக்கு. 140 கோடி மக்கள் உள்ள நாடு அதே காரியத்தைச் செய்ய நேர்ந்தது வேறு கணக்கு. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் கோவாவில் சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இந்தியா இழந்தது.