ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ்

அப்பா தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் காரில் ஏறினார். பைபாஸ் ஆனவர்கள் இருமும்போது அப்படி அணைத்துக்கொள்ள வேண்டும் என்று வார்டு சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு அசையக் கூடாது. மதுரையிலிருந்து திண்டுக்கல் வரும் வழியில் வாடிப்பட்டி தாண்டியதும், "குளிருதும்மா, ஏசியைக் குறைக்கச் சொல்லு" என்றார். ஏசி ஓடவே இல்லை. அன்று ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள்.

நான்காம் நாள் இரவே உடம்பு கொதித்தது. காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் சொன்னேன். "ஆபரேஷன் ஆனவங்களுக்கு லேசா காய்ச்சல் இருக்கும், மாத்திரை எழுதியிருக்கேன்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மதியம் காப்பீட்டுப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். பாலிசியில் அனுமதித்த தொகை முடிந்தது, மேற்கொண்டு கையிலிருந்து கட்ட வேண்டும் என்றார். கட்டுகிறோம், இன்னும் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். மூன்று மணிக்கு பில் வந்துவிட்டது. கவுண்டரில் நீட்டிய தாள்களிலெல்லாம் தம்பி கையெழுத்துப் போட்டான். அவற்றில் ஒன்று, நோயாளி தரப்பு கேட்டுக்கொண்டதால் அனுப்புகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. அதைப் படிக்கும் நிலையில் அன்று நாங்கள் இல்லை.

வீட்டுக்கு வந்த நான்கு நாளில் தையலிலிருந்து சீழ் வடிந்தது. வேறொரு மருத்துவமனையில் மார்பை மறுபடி திறந்து, எலும்பு வரை இறங்கியிருந்த தொற்றைச் சுத்தம் செய்தார்கள். 32 நாள் கிடந்தார். பிழைத்துக்கொண்டார்.

அந்த 32 நாளில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, எங்களுக்கு என்ன வழி இருக்கிறது என்று தேடிப் படித்தேன். முதலில் தெரிந்துகொண்டது கசப்பாக இருந்தது. சீக்கிரம் அனுப்பியது மட்டும் தவறாகிவிடாது. பைபாஸ் ஆனவரை ஐந்து முதல் ஏழு நாளில் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்தான். காயம் பழுத்ததும் தன்னளவில் கவனக்குறைவுக்குச் சாட்சி ஆகாது. எத்தனை கவனமாகச் செய்த ஆபரேஷனிலும் தொற்று வரலாம். சட்டம் பார்ப்பது வேறு. வாசலைத் தாண்டிய நேரத்தில் அவர் அனுப்பக்கூடிய நிலையில் இருந்தாரா? காய்ச்சலையும் நாடித்துடிப்பையும் தையலையும் பார்த்தார்களா? ஓரளவு தேர்ச்சியுள்ள, பொறுப்பான எந்த டாக்டராவது அப்படி அனுப்பியிருப்பாரா?

இதற்கான பதில் கேஸ் ஷீட்டில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, கேஸ் ஷீட் வேறு. சம்மரி கடைசியில் உட்கார்ந்து எழுதுவது. கேஸ் ஷீட் அவ்வப்போது படுக்கையருகே எழுதுவது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள்படி, நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு காத்துவைக்கவும் வேண்டும். வாயால் கேட்டவரை அலையவிட்டார்கள். அப்பாவின் கையெழுத்தோடு கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பிய பிறகு 118 பக்கம் வந்தது.

சம்மரியில், காய்ச்சல் இல்லை, நிலைமை சீராக உள்ளது. கேஸ் ஷீட்டில், அதே நாள் காலை ஆறு மணிக்கு 101.4, பதினோரு மணிக்கு 100.8. பிறகு காய்ச்சல் பார்த்த குறிப்பே இல்லை. காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு நாங்கள் வீடு சேர்ந்த பிறகுதான் வந்திருக்கிறது. வெள்ளையணுக்கள் ஏறியிருந்தன. ஒரு போன் வரவில்லை.

மாமா போலீஸுக்குப் போகச் சொன்னார். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், கிரிமினல் வழக்குக்கு மிக மோசமான கவனக்குறைவு இருக்க வேண்டும், முதலில் சார்பற்ற ஒரு டாக்டரின் கருத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டது. மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் டாக்டரின் பதிவின் மேல் நடவடிக்கை எடுக்கலாம், இழப்பீடு கிடைக்காது. எங்களுக்குப் பொருந்தியது நுகர்வோர் ஆணையம்.

மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் நோயாளி நுகர்வோர்தான். எல்லோருக்குமே இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மட்டும் இதில் வராது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது: நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மதுரைக்கு அலையாமல் திண்டுக்கல்லிலேயே போட்டேன். கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு அப்படிக் கெடு தப்பிப்போனது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. எனக்கு அப்படித்தான் கிடைத்தார்.

எந்த டாக்டரைக் குற்றம் சொல்வது, அன்று கையெழுத்திட்டவரையா, ஆபரேஷன் செய்தவரையா என்று குழம்பினேன். 2004-ல் சவிதா கர்க் வழக்குத் தீர்ப்பை வக்கீல் காட்டினார். டாக்டரைத் தனியாகச் சேர்க்காவிட்டாலும் மருத்துவமனைமேல் வழக்கு நிற்கும். கவனக்குறைவுக்கு நாம் அடிப்படை காட்டிவிட்டால், என்ன கவனிப்புக் கொடுத்தோம் என்று மருத்துவமனைதான் விளக்க வேண்டும். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் இரண்டாவது மருத்துவமனை டாக்டரின் அறிக்கையை இணைத்தோம். இதய ஆபரேஷனில் அது இல்லாமல் போவது ஆபத்து.

போன மாதம் மருத்துவமனையின் பதில் மனு வந்தது. முதல் இணைப்பே தம்பி கையெழுத்திட்ட தாள்தான். அதைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது. கையெழுத்துப் போட்டதாலேயே வழக்கு செத்துவிடாது என்று வக்கீல் சொன்னதை அவன் நம்பவில்லை. கேஸ் ஷீட்டின் 41-ஆம் பக்கத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். நீல மையில், அன்று பகல் பணியில் இருந்த சிஸ்டரின் கையெழுத்து: மதியம் 1.40, மகள் இன்னும் இரண்டு நாள் வைத்திருக்கக் கேட்கிறார், டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.