அயல்நாட்டு மானேஜரும் அபிமானிகளின் ஐயமும்

காற்பந்தாட்டத்தில் ஒரு கட்சிக்குப் பதினொருவர் ஆடுகின்றனர். அவர்களையன்றிக் களத்தின் ஓரத்தில் ஒருவர் நிற்பார். அவர் பந்தைத் தொடுவதில்லை. ஆயினும் ஆட்டம் வெல்லின் புகழிற் பெரும்பங்கும், தோற்பின் பழி முழுவதும் அவரையே சாரும். அவரே மானேஜர் எனப்படுபவர். எவ்வீரர் எவ்விடத்தில் நிற்பது, எவரை விலைகொடுத்துச் சேர்ப்பது, வாரம் முழுவதும் எவ்வகைப் பயிற்சி அளிப்பது, ஆட்டத்தின் நடுவே களைத்தவருக்குப் பதிலாக யாரை இறக்குவது என்னும் காரியங்களெல்லாம் அவர் பொறுப்பில் உள்ளன. இத்துணைப் பெரும் பொறுப்பை, இன்னும் பெயர் பெறாத ஓர் அயல்நாட்டாரிடம் ஒப்படைக்கலாமா என்னும் கேள்வி இங்கிலாந்தின் பந்தாட்டக் கழகங்களில் பலமுறை எழுந்துள்ளது. வாசகர்களுள் பந்தாட்டப் பிரியர் பலர் இருப்பராதலின், அங்ஙனம் எழுந்த வழக்கொன்றைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறேன். அது 2013-ஆம் ஆண்டு சௌதாம்ப்டன் நகரில் நிகழ்ந்தது.

சௌதாம்ப்டன் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள துறைமுகப் பட்டினம். 1912-இல் டைட்டானிக் கப்பல் புறப்பட்ட துறை என்றால் பலருக்கும் விளங்கும். அந்நகரின் கழகம் 1885-இல் பரிசுத்த மரியாள் ஆலயத்தைச் சார்ந்த வாலிபர் சங்கத்தாரால் தொடங்கப்பட்டது. இன்றளவும் அக்கழகத்தாரைப் 'பரிசுத்தவான்கள்' என்றே அழைக்கின்றனர். ஆட்டக்களத்தில் அவர்கள் எப்பொழுதும் அப்பெயருக்கு ஏற்ப நடந்துகொண்டார்கள் என்று நான் உறுதி கூறமாட்டேன். அக்கழகம் பெரும்பொருள் படைத்ததன்று. அது ஈட்டிய தலையாய வெற்றி 1976-இல் வந்தது. இரண்டாம் பிரிவில் இருந்தபோதே, மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தை ஒரு கோல் கணக்கில் வென்று எஃப். ஏ. கோப்பையைக் கைக்கொண்டது. அப்போது மானேஜராயிருந்தவர் லாரி மக்மெனமி என்பவர். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

ஆங்கில நாட்டுப் பந்தாட்டக் கழகங்கள் படிப்படியான பிரிவுகளாக அமைந்துள்ளன. மேற்பிரிவாகிய பிரீமியர் லீக்கில் இருபது கழகங்கள் உண்டு. ஆண்டிறுதியில் பட்டியலின் அடியில் நிற்கும் மூன்றும் கீழ்ப்பிரிவிற்கு இறக்கப்படும். இறங்கிய கழகத்துக்கு வருமானம் குறையும். நல்ல வீரர் விலகுவர். சௌதாம்ப்டன் கழகம் இருபத்தேழு ஆண்டுகள் மேற்பிரிவிலேயே இருந்து, 2005-இல் இறங்கிற்று. பின்னர்ப் பொருள்முட்டுப்பாடு மிகுந்த 2008-ஆம் ஆண்டில் யான் போர்ட்வ்லீட் என்னும் ஹாலந்து தேசத்தவர் மானேஜராக்கப்பட்டார். அவர் 1978-ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் தம் நாட்டுக்காக ஆடியவர். எனினும் மானேஜராக அவரை இங்கிலாந்தில் அறிந்தார் அரியர். இளம் வீரரைக் கொண்டு ஆடிப் பார்த்தார், முடியவில்லை. 2009 ஜனவரியில் விலகினார். அவ்வாண்டே கழகம் மூன்றாம் பிரிவிற்கு வீழ்ந்தது. கடன் மிகுந்து, கலைந்துபோகும் நிலையையும் எய்திற்று. பணமில்லாத கழகத்தில் யார் வந்திருப்பினும் இடர்ப்பட்டிருப்பர் என்பது மெய்யே. ஆயினும் 'பெயர் பெறாத அயல்நாட்டார்' என்ற சொற்கள் அந்நகரத்தார் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை இதனால் உணரலாம். அவர்களுக்கு அஃது ஒருமுறை சுட்ட நெருப்பு.

அழிவின் விளிம்பில் நின்ற கழகத்தை 2009 ஜூலையில் மார்க்குஸ் லீப்ஹெர் என்னும் செல்வர் விலைக்கு வாங்கிக் காத்தார். மறுவருடம் அவர் காலமானார். நிர்வாகம் நிக்கோலா கோர்ட்டேஸே என்னும் வங்கித் தொழில் அறிந்தவர் கையில் இருந்தது. 2010 செப்டம்பரில் கோர்ட்டேஸே அமர்த்திய மானேஜரே நைஜெல் ஆட்கின்ஸ். அவர் முன்னாளில் கோல்காப்பாளர். பின்பு ஸ்கந்தார்ப் என்னும் சிறு கழகத்தில் வீரர்களின் காயங்களுக்குச் சிகிச்சை செய்யும் பணியில் இருந்து, அங்கேயே மானேஜராக உயர்ந்தவர். இனிய முகமும் இன்சொல்லும் உடைய அவர், 2011-இல் கழகத்தை மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவிற்கும், 2012-இல் அதிலிருந்து பிரீமியர் லீக்கிற்கும் ஏற்றிவிட்டார். இரண்டே ஆண்டில் இரண்டு படி! நகரத்தார் அவர்பால் கொண்ட அன்புக்கு வேறு காரணம் வேண்டுமோ?

மேற்பிரிவின் முதல் மாதங்கள் கடினமாகவே கழிந்தன. பின்னர் நிலை தேறிற்று. 2013 ஜனவரி 16-ஆம் நாள், செல்ஸீ கழகத்தின் களத்தில் இரண்டு கோல் பின்தங்கியிருந்து, இரண்டையும் திரும்பப் போட்டுச் சமநிலையில் முடித்தனர். இரண்டே நாள் கழித்து ஆட்கின்ஸ் நீக்கப்பட்டார் என்ற அறிவிப்பு வந்தது. அதே மூச்சில் புதியவர் பெயரும் வந்தது: மௌரிசியோ பொச்செத்தீனோ, ஆர்ஜென்டீன தேசத்தவர், வயது நாற்பது. அன்று பட்டியலில் கழகம் பதினைந்தாம் இடத்தில் இருந்தது. இறக்கப்படும் இடங்களுக்கு மூன்று புள்ளிகளே மேல்.

நகரம் கொதித்தது. முன்னர்க் குறித்த மக்மெனமி, முதியோருக்குரிய உரிமையுடன் வெளிப்படையாகவே வினாவினார்: புதியவர் நம் நாட்டு ஆட்டத்தைப்பற்றி என்ன அறிவார்? நம் லீக்கைப்பற்றி என்ன அறிவார்? அவர் ஆங்கிலமேனும் பேசுவாரா? இவ்வினாக்களை அயல்நாட்டார்மீதுள்ள வெறுப்பு என்று தள்ளிவிடுதல் எளிது, அது நியாயமாகாது. வீரருக்குக் கட்டளையிடுபவர் வீரரின் மொழியை அறியவேண்டும் என்பதில் தவறென்ன? மேலும் பொச்செத்தீனோ அதுகாறும் நடத்திய கழகம் ஒன்றே. பார்ஸலோனா நகரத்து எஸ்பான்யோல் என்னும் அக்கழகத்தை அவர் 2012 நவம்பரில் விட்டு நீங்கியபோது, அது ஸ்பெயின் நாட்டு மேற்பிரிவின் கடைசி இடத்தில் கிடந்தது. கடைசி இடத்திலிருந்து வந்தவர் நம்மைக் கடைசி இடத்திலிருந்து காப்பாரோ என்று கேட்டவரை யார் குறைகூறுவர்?

இத்தகைய வாதங்களில் இருதிறத்தாரும் பழைய உதாரணங்களைக் காட்டுவது வழக்கம். அஞ்சுவோர் ஜோஸெப் வெங்லோஷ் என்பாரைச் சுட்டுவர். செக்கோஸ்லோவாக்கிய தேசத்தவரும் கல்விமானுமாகிய அவர் 1990-இல் ஆஸ்டன் வில்லா கழகத்தை ஏற்றபோது அது முந்தின ஆண்டில் இரண்டாம் இடம் பெற்றிருந்தது. அவர் காலத்தில் பதினேழாம் இடத்திற்குச் சரிந்தது. ஓராண்டில் அவர் விலகினார். துணிவோர் ஆர்சேன் வெங்கரைச் சுட்டுவர். பிரெஞ்சு தேசத்தவராகிய அவர் 1996-இல் ஜப்பானிலிருந்து ஆர்ஸனல் கழகத்துக்கு வந்தபோது, லண்டன் பத்திரிகையொன்று இவர் யார் என்று தலைப்பிட்டே கேட்டது. 1998-இல் அவர் லீக் பட்டத்தையும் எஃப். ஏ. கோப்பையையும் ஒருங்கே வென்றளித்தார். ஆனால் வெங்கர் வெறுங்கையோடு வந்தவர் அல்லர். 1988-இலேயே மொனாக்கோ கழகத்துக்குப் பிரெஞ்சு லீக் பட்டத்தை ஈட்டித் தந்தவர். கால்வாய்க்கு அப்பால் நடந்ததை இப்பால் உள்ளவர் அறியவில்லை, அவ்வளவே. அறியப்படாமை வேறு, திறனின்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதே பெரும்பாலான அபிமானிகள் செய்த பிழை என்பது என் கருத்து.

பொச்செத்தீனோவின் வரலாற்றையும் அவ்வாறே பிரித்துப் பார்க்கவேண்டும். 2009 ஜனவரியில் அவர் எஸ்பான்யோலை ஏற்றபோதே அது இறக்கப்படும் இடத்தில் இருந்தது. பிப்ரவரியில், பட்டியலின் அடியிலிருந்த அக்கழகத்தைக் கொண்டு, அவ்வாண்டு ஐரோப்பாவையே வென்ற பார்ஸலோனாவை அதன் சொந்தக் களத்தில் 2-1 என வென்றார். ஆண்டிறுதியில் பத்தாம் இடம். பின் கழகம் பொருளின்றி, ஒஸ்வால்தோ, கய்யெஹோன் முதலிய சிறந்த வீரரை 2011-இல் விற்றது. வீரரை விற்ற பிறகு கழகம் சரிந்தால் அச்சரிவைப் பட்டியல் மானேஜர் பெயரிலேயே எழுதும். கோர்ட்டேஸே கண்டது பட்டியலுக்குப் பின்னிருந்த ஆட்டமுறையை. இளமையில் மார்செலோ பியெல்சா என்னும் ஆசிரியரிடம் பயின்ற பொச்செத்தீனோ, பந்தை இழந்தவுடன் பின்வாங்கி நிற்றலை விரும்புவதில்லை. எதிரி மூச்சு விடுமுன் முன்னோடி நெருக்கி, பந்தை அவன் எல்லையிலேயே மீட்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இதற்குக் குதிரையின் நுரையீரல் வேண்டும். ஆதலின் பயிற்சி மிகக் கடுமையாயிற்று. சௌதாம்ப்டனின் இளம் வீரரோ ஓடுவதற்கு அஞ்சாதவர்.

முதல் ஆட்டம் எவர்ட்டன் கழகத்துடன் கோலின்றி முடிந்தது. பிப்ரவரியில் அப்போதைய லீக் வீரராகிய மான்செஸ்டர் சிட்டி 3-1 எனத் தோற்றது. மார்ச்சில் லிவர்பூல் 3-1, செல்ஸீ 2-1 எனத் தோற்றன. ஆண்டிறுதியில் பதினான்காம் இடம்; மறு ஆண்டு எட்டாம் இடம். மொழியைப்பற்றிய அச்சம் என்னவாயிற்று? பத்திரிகை நிருபர் முன் அவர் நெடுநாள் ஸ்பானிய மொழியிலேயே பேசினார். பக்கத்தில் ஒரு துபாஷி அமர்ந்திருந்தார். வீரர் ஓடுவதற்கு அது தடையாகவில்லை. லல்லானா, லாம்பர்ட், ஷா, ராட்ரிகெஸ் முதலியோர் இங்கிலாந்து தேசக் கட்சிக்கே அழைக்கப்பட்டனர்.

இவ்வளவும் கண்டபின், கோர்ட்டேஸே சரி, அபிமானிகள் தவறு என்று வழக்கை முடித்துவிடலாமா? நான் அவ்வாறு எண்ணவில்லை. நகரத்தார் உண்மையில் இரண்டு வினாக்களைக் கலந்து கேட்டனர். புதியவர் வெல்வாரா என்பது ஒன்று. இரண்டு படி ஏற்றிவிட்டவரை, நிலை தேறிவரும் வேளையில், இப்படி வழியனுப்புதல் தகுமா என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆட்டக்களம் விடை கூறிற்று. பின்னதற்குப் பட்டியலில் விடையில்லை. பொச்செத்தீனோ நூறு ஆட்டம் வென்றாலும் ஆட்கின்ஸுக்கு நேர்ந்தது நியாயமாகிவிடாது. ஆட்கின்ஸுக்கு அநியாயம் நேர்ந்ததென்பதால் பொச்செத்தீனோ திறமையற்றவராகிவிடவும் மாட்டார். வேடிக்கை என்னவெனில், ஆட்கின்ஸும் ஒருகாலத்தில் பெயர் பெறாதவரே. சிகிச்சைப் பணியிலிருந்து வந்தவரை நம்பிய அதே கோர்ட்டேஸேதான் ஸ்பெயினிலிருந்து வந்தவரையும் நம்பினார். முதல் துணிவைப் புகழ்ந்தவர் இரண்டாவதைப் பழித்தனர்.

2014-இல் கோர்ட்டேஸே விலக, அவ்வாண்டு மே மாதத்தில் பொச்செத்தீனோவும் டாட்டன்ஹாம் கழகத்துக்குச் சென்றார். அவர் வருகையை எதிர்த்தவருள் பலர் அவர் பிரிவிற்கு வருந்தினர்.

ஆயினும் எனக்கு மறவாது நிற்பது வேறோர் ஆட்டம். நீக்கப்பட்ட ஆட்கின்ஸ் 2013 மார்ச்சில் ரெடிங் கழகத்தின் மானேஜரானார். அதுவும் பிரீமியர் லீக்கின் அடியில் தத்தளித்த கழகமே. ஏப்ரல் 6-ஆம் நாள் அவ்விரு கழகங்களும் ரெடிங் நகரில் சந்தித்தன. களத்தின் ஓரத்தில் ஒருபுறம் ஆட்கின்ஸ். மறுபுறம் அவர் இடத்தைப் பெற்ற பொச்செத்தீனோ. சௌதாம்ப்டன் 2-0 என வென்றது. கோல் போட்ட ராட்ரிகெஸும் லல்லானாவும் மூன்று மாதத்துக்குமுன் ஆட்கின்ஸின் கீழ் ஆடியவர்கள். அவ்வாண்டு ரெடிங் கழகம் இறக்கப்பட்டது. சௌதாம்ப்டன் மேற்பிரிவில் நிலைத்தது.