தலை நிமிர்வது முதல் தளர்நடை வரை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ, விக்கிரவாண்டி, மயிலம் பக்கத்துக் கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலோ இன்று பிறக்கும் ஒரு சிசு, இரண்டரை முதல் மூன்று கிலோ எடையும் சுமார் 34 செ.மீ. தலைச் சுற்றளவும் உடையதாய், தன் தலையைத் தானே தாங்கவும் சக்தியற்றுத் தாயின் மார்பில் கிடக்கிறது. அதே குழந்தை ஓராண்டு நிறையும்போது பிறந்த எடையைப் போல் மும்மடங்காகி, பிறப்பில் சுமார் 350 கிராம் இருந்த மூளை சுமார் 900 கிராமாகப் பெருகி, கதவைப் பற்றி எழுந்து நின்று, பாட்டியின் குரல் வந்த திக்கில் திரும்பிச் சிரிக்கிறது. மனித ஆயுளில் பின்னர் வரும் எந்த ஓராண்டிலும் இத்தனை பெரிய மாறுதல் நிகழ்வதில்லை.

பச்சைக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது சில அறிவுகளோடுதான் பிறக்கிறது. இருபது முதல் முப்பது செ.மீ. தொலைவில் உள்ளதைத்தான் அதன் கண்கள் ஓரளவு தெளிவாகக் காணும். பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய அதுவே. பிறந்து மூன்று நாட்களுக்குள்ளாகவே சிசுக்கள் பிற பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்க விரும்பி, அதற்கேற்பச் சூப்பும் விதத்தை மாற்றிக்கொள்வதை டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1980-இல் நிரூபித்தார்கள். கன்னத்தைத் தொட்டால் அப்பக்கம் வாயைத் திருப்புவதும், உள்ளங்கையில் வைத்த விரலை இறுகப் பற்றுவதும், திடீரெனத் தலை சாய்ந்தால் இரு கைகளையும் விரித்துப் பின் அணைப்பதுபோல் குவிப்பதும் பிறவியிலேயே வாய்த்தவை. இவற்றுள் கடைசியானதை ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் எர்னஸ்ட் மோரோ 1918-இல் விவரித்தமையால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. பெருமூளையின் ஆட்சி ஓங்க ஓங்க, இந்த அனிச்சைச் செயல்கள் சுமார் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிட வேண்டும். பிடித்த விரலைத் தானாக விடத் தெரிந்த பிறகே குழந்தையால் ஒரு கிலுகிலுப்பையை வேண்டி எடுக்கவும் வேண்டாமென எறியவும் முடியும்.

அப்பால் நிகழும் வளர்ச்சிக்கு ஒரு கிரமம் உண்டு. அது தலையில் தொடங்கிக் காலை நோக்கி இறங்குவது. ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும் குழந்தைக்கு மூன்று நான்கு மாதங்களில் தலை நிற்கிறது. பின் தோள் வலுப்பெற்றுக் குப்புற விழுகிறது. இடுப்பு வலுப்பெற்று உட்காருகிறது. கடைசியாகவே கால்கள் உடலைத் தாங்குகின்றன. மூளையின் ஆணைகளைத் தசைகளுக்கு எடுத்துச்செல்லும் நரம்பிழைகள், மின்கம்பிக்கு உறை போட்டாற்போல் ஒரு கொழுப்புறையைப் பெற்று முதிர வேண்டும் என்பதும், அம்முதிர்ச்சி கழுத்துக்கு முந்தியும் கால்களுக்குப் பிந்தியும் வாய்க்கிறது என்பதும் இதற்கு முக்கிய காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

கருவிகளோ நரம்பியல் ஞானமோ இல்லாத காலத்தில், இக்கிரமத்தைக் கண்ணால் கண்டே இலக்கணமாக வகுத்தவர்கள் நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதத்தையும், உட்கார்ந்து கை கொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதத்தையும், தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவத்துக்கு ஓராண்டை ஒட்டிய காலத்தையும் அவர்கள் குறித்தார்கள். இன்றைய குழந்தை மருத்துவர் எழுதும் அட்டவணை அதிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை.

கிரமம் பொதுவாயினும் தேதி பொதுவன்று. இந்த வேறுபாட்டை அறியாமையால்தான், "எதிர்வீட்டுப் புள்ள தவழ்ந்துடுச்சே, நம்ம புள்ள இன்னும் ஒக்காரவே இல்லையே" என்று பாட்டிமார் ஏங்குவதும், அந்த ஏக்கம் பிள்ளை பெற்று இளைத்த ஒரு பெண்ணின் மேல் பழியாக விழுவதும் நேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவுகள் அப்பழியை அடியோடு நீக்கவல்லவை. பிடிமானமின்றி உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். தனியே நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீளலாம். நூற்றுக்குச் சுமார் நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே எழுந்து நடந்துவிட்டன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதங்களை எண்ணுவதே நியாயம்.

நம் பக்கத்துக் குழந்தை வளர்ப்பு முறைகளில் போற்றத்தக்கவை பல. நீட்டிய கால்களின் மேல் கிடத்திப் பேசிக்கொண்டே எண்ணெய் தேய்த்துவிடுவது அவற்றுள் ஒன்று. தானே தள்ளிக்கொண்டு நடக்க உதவும் மர நடைவண்டி மற்றொன்று. உட்கார வைத்து உருட்டிவிடும் இக்காலத்து வாக்கரோ நடையைக் கற்பிப்பதில்லை. படிகளில் உருண்டு குழந்தைகள் காயமுற்றமையால் கனடா நாடு 2004-இல் அதைத் தடையே செய்துவிட்டது. விடவேண்டியவற்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். பிறந்ததும் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாவில் தடவுவதும், நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும் கேடு பயப்பன. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். முதல் சில நாட்களில் குழந்தையின் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறைந்து இரண்டு வாரத்துக்குள் மீள்வது சுபாவம். அதைக் கண்டு பால் போதவில்லையென மயங்கிப் புட்டிப்பாலைத் தொடங்கும் வீடுகள் எத்தனையோ!

ஆயினும் என் மனத்தை மிகவும் கவர்வது கை கால்களின் வளர்ச்சியன்று, செவியின் வளர்ச்சியே. நாம் 'பத்து' என்பதற்கும் 'பட்டு' என்பதற்கும் உள்ள பேதத்தை எளிதில் கேட்கிறோம். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்தவர்க்கு அத்தகைய பேதம் பெரும்பாலும் புலப்படாது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இரு கனடா அறிஞர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியிலுள்ள தகர, டகர ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீடுகளின் குழந்தைகள் 6 முதல் 8 மாதப் பருவத்தில் தெளிவாகப் பிரித்துணர்ந்தன. அவ்வாற்றல் 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலும் மங்கிப்போயிற்று. அதாவது, முதல் சொல்லைப் பேசுமுன்பே குழந்தை தன் வீட்டு மொழியின் ஒலிகளைத் தேர்ந்து வைத்துக்கொள்கிறது. பட்ரீசியா கூலும் அவர் குழுவினரும் 2003-இல் கண்டது இன்னும் விசேஷமானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாடிப் பேசியபோது அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் காட்டியபோது ஒன்றும் கற்கவில்லை. குழந்தையின் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு வேலை பார்க்கும் தாயை நான் குறை கூறேன். அவளுக்குத் துணையாக ஒருவரும் இல்லாதிருக்கலாம். வீட்டிலிருக்கும் தந்தையும் தாத்தாவும் அந்நேரத்தில் குழந்தையிடம் வாய் திறந்து பேசலாமே!

கேட்கும் திறனே குறைந்து பிறந்த குழந்தைக்கு இந்த அருமையான மாதங்கள் வீணாய்க் கழிந்துவிடுகின்றன. அதுவும் சிரிக்கும், தவழும், நான்கைந்து மாதங்களில் மழலை ஒலிகளையும் எழுப்பும். ஆகையால் குறை வெளியே தெரிவதில்லை. 'பாபா', 'தாதா' என அடுக்கும் மழலை பத்து மாதமாகியும் வராமையும், பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாமையுமே அடையாளங்கள். 2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து சிறுவர்களைப் பரிசோதிக்கிறது. ஆனால் ஐயம் எழுந்தால் அதுவரை காத்திராமல், ஒன்பதாம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசிக்குச் செல்லும் நாளிலேயே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடலாம். ஆறு வயதுக்கு உட்பட்ட சிறுவர்க்குச் செவிக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் சிகிச்சையை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. ஓராண்டை ஒட்டி அச்சிகிச்சை பெறும் குழந்தை, ஐந்து வயதில் பெறும் குழந்தையைவிட மிகத் தெளிவாகப் பேசக் கற்றுக்கொள்கிறது.