ஆலை மூடினால் கைக்குப் பணம் எங்கிருந்து வரும்?

ஓசூர் மூக்கண்டப்பள்ளி பக்கம் குடியிருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் 2020 மார்ச் கடைசி வாரம் உங்களுக்கு மறந்திருக்காது. சிப்காட் கேட்டுகள் பூட்டின. கம்பெனி பஸ் நின்றது. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குப் போவதே பெரும்பாடாகிப் போச்சு. வேலை இல்லை, ஆனால் வாடகையும் அரிசிச் செலவும் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் அரசிடமிருந்து வந்த உதவி ஒன்றல்ல. நாலைந்து வழிகளில், வெவ்வேறு அலுவலகங்கள் மூலமாக வந்தது. ஒரே லைன் வீட்டில் குடியிருந்தவர்களில் ஒருவருக்கு மூன்று உதவி கிடைத்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றுதான் கிடைத்தது. யார் எந்தப் பதிவேட்டில் இருந்தார் என்பதில்தான் அந்த வித்தியாசம் இருந்தது. அடுத்த முறை இப்படி ஒரு நெருக்கடி வந்தால் உங்கள் பெயர் எதில் இருக்கும் என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ரேஷன் கார்டு. 2020 மார்ச் 24 அன்று தமிழ்நாடு அரசு, அரிசி பெறும் குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும் ஏப்ரல் மாதத்துக்கு இலவசமாக அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் அறிவித்தது. இரண்டாம் அலையின்போது, 2021இல், அட்டைக்கு 4,000 ரூபாய் இரண்டு தவணையாக வந்தது. மே மாதம் 2,000, ஜூன் மாதம் 2,000. இரண்டாவது தவணையோடு 14 வகை மளிகைப் பொருட்களும் சேர்த்துக் கொடுத்தார்கள். சுமார் 2 கோடியே 7 லட்சம் அட்டைகளுக்கு இது போனது. நீங்கள் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்று யாரும் கேட்கவில்லை. கார்டு இருந்தால் போதும். எனவேதான் இதுவே வேகமாகக் கையில் வந்த பணம். கல்யாணமாகித் தனியாக வந்தும் பெயரை அப்பா வீட்டுக் கார்டிலேயே விட்டு வைத்திருந்தவர்களுக்குத் தனியாக எதுவும் வரவில்லை.

இரண்டாவது, நலவாரியம். கட்டுமானத் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் நலவாரியங்களில் பதிந்திருந்தவர்களுக்கு, ரேஷன் கார்டு பணம் போக, தனியாக 1,000 ரூபாயும் 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெயும் அறிவித்தார்கள். பிறகு மற்ற அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்களுக்கும் பண உதவி நீண்டது. இங்கே ஒரு சிக்கல். கொத்தனாராக இருபது வருஷம் வேலை பார்த்திருந்தாலும் வாரிய அட்டை இல்லையென்றால், அல்லது புதுப்பிக்காமல் விட்டிருந்தால், பட்டியலில் பெயர் வராது. பதிவு இலவசம். தொழிலாளர் துறையின் இணையதளத்திலேயே செய்யலாம். இதற்காக யாராவது ஐநூறு, ஆயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சிப்காட் தொழிலாளிக்கு முக்கியமானவை அடுத்த இரண்டும்தான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பி.எஃப். விதியை 2020 மார்ச் 28 அன்று மத்திய அரசு திருத்தியது. கணக்கில் இருப்பதில் 75 சதவீதம், அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், இந்த இரண்டில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத முன்பணமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். உதாரணமாக, உங்கள் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய், கணக்கில் 60,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்றால் 45,000. மூன்று மாதச் சம்பளம் 36,000. ஆக 36,000 கிடைக்கும். கணக்கில் 20,000தான் இருந்தால் 15,000. 2021 மே கடைசியில் இரண்டாம் முறையும் எடுக்க அனுமதித்தார்கள். 2024 ஜூனில் இந்தக் கொரோனா முன்பணம் நிறுத்தப்பட்டது. ஒன்றை மறக்க வேண்டாம். இது உங்கள் சொந்தச் சேமிப்பு. அரசு கொடுத்த பணம் என்று நினைத்து எடுத்தவர்கள் நிறையப் பேர்.

இ.எஸ்.ஐ. உதவி வேறு மாதிரி. இது காப்பீட்டிலிருந்து வருவது. உங்கள் மாதச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. 12,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 90 ரூபாய், கம்பெனி பங்கு 390 ரூபாய். ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இது என்று பலரும் நினைத்திருக்கிறோம். 2018 ஜூலையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் வேலை போனவருக்கும் பணம் உண்டு. முதலில் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம் என்று இருந்ததை, 2020 ஆகஸ்டில் 50 சதவீதமாக உயர்த்தி, மார்ச் 24 முதல் வேலை இழந்தவர்களுக்கும் பொருந்தும் என்றார்கள். அதிகபட்சம் 90 நாள். தினக்கூலி 400 என்றால் நாளுக்கு 200, மொத்தம் 18,000 ரூபாய்.

நிபந்தனை என்ன? வேலை போவதற்கு முன் இரண்டு வருஷமாவது இ.எஸ்.ஐ. வளையத்தில் இருந்திருக்க வேண்டும். கடைசிப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் அதேபோல 78 நாள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. கம்பெனி கையெழுத்துக்காக அலைய வேண்டாம், நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்று 2020இல் மாற்றியது பெரிய நிம்மதி. ஆனால் ஏப்ரல் பசிக்கு ஆகஸ்டில் வந்த அறிவிப்பு இது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தத் திட்டம் கால வரம்போடு நீட்டிக்கப்பட்டு வருவதால், விண்ணப்பிக்கும் முன் கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

காண்ட்ராக்டில் இருப்பவர்கள்தான் இங்கே அதிகம் அடிபட்டார்கள். சம்பளத்தில் பிடித்தம் நடக்கும், ஆனால் கட்டினார்களா என்று தெரியாது. காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது பி.எஃப். எண், புது இ.எஸ்.ஐ. எண் வாங்கியவர்களுக்கு அந்த இரண்டு வருஷக் கணக்கைக் காட்டவே முடியாமல் போகும். யு.ஏ.என். எண்ணும் இ.எஸ்.ஐ.யின் 10 இலக்க எண்ணும் ஒருவருக்கு ஒன்றுதான். புது வேலையில் சேரும்போது பழைய எண்ணையே கொடுங்கள்.

எல்லைக்கு வருவோம். குடியிருப்பு மூக்கண்டப்பள்ளி, வேலை பொம்மசந்திரா என்றால் உங்கள் கணக்கு எப்படி? ரேஷன் கார்டு உதவி வீட்டைப் பார்த்து வரும், எனவே தமிழ்நாட்டில். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் மத்திய அமைப்புகள், மாநிலம் பார்க்காது. நலவாரியம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. 2020 மே 6 அன்று கர்நாடக அரசு ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்களுக்கு 5,000 ரூபாய் அறிவித்தபோது, ஓசூரில் ஆட்டோ ஓட்டுபவருக்கு அதில் பங்கில்லை.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து நம் பக்கத்து ரூமில் தங்கியிருக்கிறவர்களுக்கு அன்று ரேஷன் கார்டு ஊரில் இருந்தது, பசி இங்கே இருந்தது. 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாடு ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இருப்பதால், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர்களுக்கு உரிய தானியத்தை இங்கேயே வாங்கலாம். இது பலருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் சொல்லிவிடுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இல்லாத 16 முதல் 59 வயது வரையிலானவர்கள் இ-ஷ்ரம் தளத்திலும் பதியலாம்.

இனி உங்கள் போனை எடுங்கள். உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, ஒவ்வொரு மாதமும் பணம் விழுந்திருக்கிறதா பாருங்கள். ஆதார், பேங்க் பாஸ்புக், பி.எஃப். மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருந்தாலே விண்ணப்பம் திரும்பி வர வாய்ப்புண்டு. பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்பு மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். செயலி பழக்கமில்லை என்றால், பதிவு செய்த கைபேசியிலிருந்து 99660 44425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். பி.எஃப். உதவிக்கு 14470, இ.எஸ்.ஐ.க்கு 1800 11 2526, இ-ஷ்ரமுக்கு 14434, ரேஷனுக்கு 1967. பிடித்தம் நடந்தும் கணக்கில் ஏறவில்லை என்றால், சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு புகார் கொடுங்கள். அந்தச் சீட்டுதான் உங்கள் சாட்சி.