காது பத்திரம்!

செம்பூரைத் தாண்டி மாகுல் பக்கம் போனால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் கோபுரங்கள் வரிசையாகத் தலைகாட்டும். 1950களில் ஸ்டான்வாக்கும் பர்மா ஷெல்லும் தொடங்கியவை; இன்று இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம். 2018 ஆகஸ்ட் 8 மதியம் பாரத் பெட்ரோலியத்தின் ஹைட்ரோகிராக்கர் பிரிவில் வெடித்தபோது 40க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சுற்றுவட்டாரக் குடியிருப்புகளே அதிர்ந்தன.

உள்ளே அடைபட்ட அழுத்தம் என்ன செய்யும் என்பது குக்கர் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். இந்த ராட்சதக் கலன்களுக்கு வேலையில் சேரும் முன்பே இன்னொரு கண்டம் உண்டு: தூக்கி நிறுத்துவது.

அழுத்தத்துக்கு விதிகள் தெளிவு. அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் விதிப்படி, வடிவமைத்த அழுத்தத்தைப்போல் குறைந்தது 1.3 மடங்கில் தண்ணீர் அடைத்துச் சோதிக்க வேண்டும். காற்றடைத்தால் விரிசல் விட்டதும் குண்டு மாதிரி வெடிக்கும். தண்ணீர் பீய்ச்சியடித்து அடங்கிவிடும்.

டிரெய்லரில் படுத்தபடி வரும் கலனை நிமிர்த்த இரண்டு கிரேன்கள் தேவை. உச்சியில் பற்றவைத்த இரும்புக் 'காதுகளை' ஒன்று பிடிக்கும், அடிப்பகுதியை இன்னொன்று. ஆரம்பத்தில் ஏறக்குறைய பாதிப் பாதி பாரம். நிமிர நிமிர அடிக் கிரேனின் பங்கு குறைந்து, கடைசியில் முழு எடையும் பெரிய கிரேனின் தலையில். காதின் நிலைமையும் மாறுகிறது. படுத்திருக்கும்போது அதை அடியோடு வளைக்கப் பார்க்கும் விசை, நிமிர்ந்ததும் நேராக இழுக்கிறது. பக்கவாட்டில் இழுபட்டாலோ வினைதான்.

கயிற்றுக் கணக்கு இன்னும் ஏமாற்றும். 10 டன்னை இரண்டு கயிறுகள் செங்குத்தாகத் தூக்கினால் தலைக்கு 5 டன். தரைமட்டத்துக்கு 30 டிகிரி கோணம் வரை சரிந்தால் ஒவ்வொன்றிலும் 10 டன்! ஸ்பிரெடர் பீம் மாட்டுவது இதற்காகத்தான்.

மாட்டுங்காவின் கல்லூரிகளில் மாணவர்கள் காகிதத்தில் போடும் கணக்கு இது. களத்தில் கயிறு மாட்டுவது பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளிகள். 2020 ஆகஸ்ட் 1இல் விசாகப்பட்டினம் இந்துஸ்தான் ஷிப்யார்டில் பாரச் சோதனையின்போது கிரேன் சரிந்து 11 பேர் இறந்தார்கள். அவர்களிலும் ஒப்பந்த ஆட்கள் இருந்தனர்.

கிரேன் ஆபரேட்டருக்குச் சைகை காட்ட ஒரே ஆள்தான். ஆனால் 'நிறுத்து' என்ற சைகையை யார் காட்டினாலும் அவர் நிறுத்தியாக வேண்டும். வாடகைக் கிரேனுக்கு மணிக்கணக்கில் பில் ஏறிக்கொண்டிருக்கும்போது, தினக்கூலி ஒருவர் கையைத் தூக்கத் துணிவாரா என்பதுதான் சிக்கல்.